ஆராய்ச்சி மணி தூக்கிய அரசன்

வாயுள்ள உயிர் தன் குறையைத் தானே முறையிட்டுக்கொள்ளும். வாயற்ற உயிரின் குறையை யார் கேட்பது, கேட்டபின் அதன் உண்மையை எவ்வாறு துணிவது? இவ்வினா இன்று மேனாட்டு விலங்குநல அறநிலையங்களில் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துள்ளது. கால்நடைத் தடயவியல் என்பது அதன் பெயர். என்பால் இளமையில் தமிழ் பயின்று, பேராதனையில் கால்நடை மருத்துவம் கற்றுக் கடல் கடந்து சென்ற மாணவர் ஒருவர், அத்தகைய நிலையம் ஒன்றின் தடயவியற் பிரிவுக்குத் தலைவர் வேண்டும் என்னும் அறிவிப்பைக் கண்டு விண்ணப்பிக்க முனைந்தார். அப்பணிக்கு உரிய பண்பு யாது என எழுதவேண்டியிருந்தமையின், நம் மரபில் முன்னோடி யாரேனும் உளரோ என வினவி எனக்கு மடல் விடுத்தார். யான் எல்லாளனைச் சுட்டினேன். சுட்டியதற்குரிய காரணத்தை ஈண்டு விரித்துரைக்க விழைகின்றேன்.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சோழ நாட்டினின்றும் வந்து, அசேலன் என்னும் மன்னனை வென்று, அனுராதபுரத்தில் அமர்ந்து 44 ஆண்டுகள் ஆட்சி புரிந்தவன் எல்லாளன். அவன் வரலாற்றை நமக்கு விரிவாகக் காத்துத் தந்தது தமிழ் நூலன்று. பாலி மொழியில் இயன்ற மகாவம்சம். அவனைக் களத்தில் வீழ்த்திய துட்டகைமுனுவின் புகழைப் பாடும் அந்நூல், நண்பர்க்கும் பகைவர்க்கும் ஒப்ப முறைசெய்தான் என எல்லாளனையும் போற்றுகின்றது. மாற்றார் தரும் சான்று ஆதலின் அதன் மதிப்பு இருமடங்காகின்றது.

தன் படுக்கையின் தலைமாட்டில் மணி ஒன்றைக் கட்டி, அதன் நீண்ட கயிற்றை முறைவேண்டி வருவோர் எட்டிப் பிடிக்குமாறு விட்டிருந்தான் அவ்வரசன். இத்தகைய மணியை நம் முன்னோர் முறையீட்டு மணி என்றாரல்லர். ஆராய்ச்சி மணி என்றனர். ஒலித்தவுடன் ஒறுத்தல் அன்று, ஒலித்தவுடன் ஆராய்தலே அரசன் கடன் என்பது அப்பெயரின் குறிப்பு எனக் கொள்ளலாம்.

அம்மணியை விலங்கும் பறவையும் அசைத்த செய்திகள் இரண்டு உள. முதலாவது யாவரும் அறிந்தது. அரசனின் ஒரே மகன் திசவாவிக்குத் தேரூர்ந்து செல்கையில், வழியில் தாய்ப்பசுவோடு கிடந்த கன்றின் கழுத்தில் சக்கரம் ஏறியது. அவன் அறிந்து செய்தானல்லன். பசு வந்து மணியை அசைத்தது. அரசன் அதே சக்கரத்தால் மகனுயிரைப் போக்கினான். திருவாரூர்ச் சோழன் மேல் வைத்து நாம் பாடிப் பரவும் கதையும் இதுவே.

இரண்டாவது செய்தியை நம் மேடைகளில் யான் கேட்டதில்லை. பனைமரத்திலிருந்த குஞ்சு ஒன்றைப் பாம்பு விழுங்கிவிட்டது. தாய்ப்பறவை வந்து மணியை அசைத்தது. அரசன் அப்பாம்பைக் கொணர்வித்து, அதன் உடலைப் பிளக்கச் செய்தான். வயிற்றினின்றும் குஞ்சு வெளிப்பட்டது. அதன் பின்னரே பாம்பை மரத்தில் தூக்குவித்தான். இந்நிகழ்ச்சி நடந்ததோ, புனைந்ததோ, அதனை யான் வழக்காடேன். அதனைச் சொன்ன வரிசையே கருதத்தக்கது. முறையீடு, உடற்சோதனை, சான்று, தண்டம் என நான்கும் முறையே நிற்கின்றன. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முன் எழுதிய நூலில் இவ்வொழுங்கு அமைந்திருத்தல் வியப்பன்றோ?

இன்றைய தடயவியல் மருத்துவர் செய்வதும் இவ்வழியே செல்வது. பட்டினியால் மாண்ட விலங்கின் எலும்பு மச்சை கொழுப்பிழந்து கூழ்போற் கிடக்கும்; நோயால் மெலிந்ததோ, உணவு மறுக்கப்பட்டதோ என்பதைப் பிற சோதனைகளோடு சேர்த்து அவர் துணிவார். ஊடுகதிர்ப் படத்தில் வெவ்வேறு காலத்தில் முறிந்து கூடிய எலும்புகள் தோன்றின், அடி ஒருநாளில் விழுந்ததன்று என்பது புலப்படும். பிணத்தில் வளரும் புழுக்களின் பருவம் இறந்த காலத்தைக் காட்டும். இவை குற்றவாளியைக் காட்டுவதோடு அமைவன அல்ல. வீண்பழி சுமந்தவனை விடுவிப்பனவும் ஆம்.

கன்றின் கதையில் இக்காலத்தார்க்கு ஓர் ஐயம் எழும். அறியாது நேர்ந்த பிழைக்கு உயிர்த்தண்டம் தகுமோ? தகாது என்பதே என் துணிபு. அரசனிடத்தில் ஆராய்வோனும் ஒறுப்போனும் ஒருவனாயிருந்தமையின் விளைந்த கடுமை அது. இன்று அவ்விரு கடனும் வேறாயின. உடல் உரைப்பதை உரைப்பது மருத்துவர் கடன்; தண்டம் நீதிமன்றத்தின் கடன். இரக்க மிகுதியால் சான்றை ஒரு மயிரிழை மிகைப்படுத்தினும் வழக்குக் கெடும். இவ்வரம்பை உணராதார் அப்பதவியில் அமர்தல் ஆகாது.

எனினும் யான் மாணவர்க்கு முதன்மையாக எடுத்துக்காட்டியது வேறொரு நிகழ்ச்சி. சேதிய மலைக்குச் சென்று மீண்ட எல்லாளனின் தேர்நுகம் பட்டு அங்கிருந்த தூபி ஒன்று சிதைந்தது. அமைச்சர் அதனைச் சுட்டியபோது, எண்ணிச் செய்ததன்று எனினும், அவன் தேரினின்றும் இழிந்து வழியிற் கிடந்து, தன் தலையையும் சக்கரத்தால் அறுக்குமாறு பணித்தான். அவர்கள் அவனைத் தடுத்துத் தூபியைப் புதுக்குமாறு வேண்டினர். பெயர்ந்த கற்கள் 15. அவற்றை மீள அமைக்க அவன் ஈந்தது 15,000 கஹாபணக் காசு என மகாவம்சம் கணக்கிடுகின்றது. அவன் பௌத்தன் அல்லன்; பிறர் வழிபடும் இடத்துக்குத் தான் இழைத்த ஊறு அது.

அறநிலையத்தின் தடயவியல் தலைவர்க்கு உண்மையான சோதனை இவ்விடத்தேதான் வரும். தெருவில் நாயை அடித்தவனுக்கு எதிராகச் சான்று கூறுதல் எளிது. தமக்கு ஊதியம் அளிக்கும் நிலையத்தின் காப்பகத்திலேயே ஓர் உயிர் கவனிப்பின்றி மாண்டால், அவ்வுடலையும் அதே கத்தியால் பிளந்து அதே சொல்லால் அறிக்கை எழுதுவாரோ? நிலையத்தின் பெயர் கெடும், நன்கொடை குறையும் என்பர் சிலர். அந்நாளில் கைநடுங்காதவரே தலைவர். பட்டங்களை எழுதியபின், இதனையும் விண்ணப்பத்தில் எழுதுக என்றேன்.

இந்நாட்டுக்கு இக்கலை வேண்டாததன்று. விலங்குவதை தடுக்க இலங்கையில் 1907-இல் 13ஆம் இலக்கச் சட்டம் எழுந்தது. அது விதித்த தண்டப் பணத்தின் உச்ச அளவு நூறு ரூபாய். நூற்றாண்டு கடந்தும் அத்தொகை மாறாதே நின்றது. லிங்கநகரிலிருந்து கோணேசர் மலைக்குச் செல்வோர், கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் புள்ளிமான்கள் மேய்வதைக் காண்பர். பொலித்தீனைத் தின்று அவற்றுட் சில மடிகின்றன. மடிந்த மானை மண்ணில் மூடிவிட்டால், கொன்றது நோயோ, நாயோ, நாம் வீசிய உறையோ என்பது மண்ணோடு மறையும். வயிற்றைத் திறந்து நோக்குவார் இருப்பின், நகரம் தன் குற்றத்தைத் தானே காணும்.

எல்லாளன் இறுதியில் அனுராதபுரத்தின் தெற்கு வாயிலருகே யானைமேல் நின்று துட்டகைமுனுவோடு பொருது வீழ்ந்தான். வென்றவன் நகரத்தாரைக் கூட்டி அவனுடலை எரியூட்டி, அவ்விடத்தே நினைவுச்சின்னம் எழுப்பி, வழிபாடும் வகுத்தான். பன்னூறு ஆண்டுகட்குப் பின்னும் அவ்வழியே சென்ற இளவரசர் தம் வாத்திய முழக்கத்தை அங்கே நிறுத்தினர் என்கிறது மகாவம்சம். நாடு வென்றோர் பலர்க்குக் கிட்டாத சிறப்பு அது. பறவையின் முறையீட்டையும் பொருட்படுத்தி ஆராய்ந்தவனுக்கு, பகைவனும் ஒருகணம் அடங்கி நின்று நீதி செய்தான்.