அலையைப் பகிர்ந்தளித்த அறிஞர்

நம் சங்க மேடையில் இன்று பேசுவோர் கையில் கம்பியில்லா ஒலிவாங்கி இருக்கிறது. பேசுகிறவரின் குரல் மின்காந்த அலையாகி, மண்டபத்தைக் கடந்து, ஓரத்தில் உள்ள ரிசீவரை அடைகிறது. நால்வர் பேசும் பட்டிமன்றமானால் நான்கு ரிசீவர்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆண்டெனா என்று எட்டுக் குச்சிகளை நெருக்கி நிறுத்தினால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும். ஆகவே, மேடை நன்கு தெரியும்படி உயரத்தில் இரண்டே ஆண்டெனாக்களை நிறுத்துகிறோம். அவை பிடித்த அலையை ஒரு பெட்டியின் வழியாக நான்கு ரிசீவர்களுக்கும் பங்கிடுகிறோம். பங்கிட்டால் அளவு குறையும். இரண்டாகப் பிரித்தால் பாதி. நான்காகப் பிரித்தால் கால். அந்தக் குறையை ஈடு செய்வதற்காகவே பெட்டிக்குள் ஒரு சிறு பெருக்கி வைத்திருக்கிறார்கள்.

அலையைப் பிடிப்பது ஒரு வேலை. வேண்டிய அளவில் அதைப் பிரிப்பது மற்றொரு வேலை. இவ்விரண்டையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, நாம் படிக்கும் இதே கல்கத்தா நகரில் செய்து காட்டிய பேராசிரியர் ஒருவர் உண்டு. அவரே ஆசாரிய ஜகதீச சந்திர போஸ். செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்தவர் என்றே பள்ளிப் பாடத்தில் நம்மில் பலர் அவரைப் படித்திருப்போம். அவருடைய அலை ஆராய்ச்சியையும், அதனினும் மேலாக அவர் வாழ்ந்த முறையையும் நம் மாணவர்கள் அறிய வேண்டும் என்பது என் ஆசை.

கிழக்கு வங்காளத்தில் 1858 நவம்பர் 30-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் ஃபரீத்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். அந்நாளில் அரசாங்க உத்தியோகஸ்தர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே கௌரவமாகக் கருதினர். அவரோ மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே சிறுவன் ஜகதீசனுக்கு ஒரு பக்கம் தந்தையின் முஸ்லிம் ஊழியருடைய மகன். மறு பக்கம் ஒரு மீனவரின் மகன். பறவைகளையும் மீன்களையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையின்பால் தமக்கு ஆர்வத்தை ஊட்டின என்று பிற்காலத்தில் அவர் நன்றியோடு நினைவு கூர்ந்தார்.

பின்னர் கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியில் லஃபோன் பாதிரியாரிடம் பௌதிகம் பயின்றார். 1880-இல் மருத்துவம் படிக்க லண்டன் சென்றார். காய்ச்சல் விடாமல் வருத்தவே அதைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் சேர்ந்து இயற்கை விஞ்ஞானம் கற்றார். அங்கே ராலே பிரபு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

1885-இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தார். அங்கே அவருக்கு ஒரு சோதனை காத்திருந்தது. வெள்ளையர் பெற்ற சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியப் பேராசிரியருக்கு உரியது என்பது அக்கால விதி. தற்காலிகப் பதவி என்பதால் அதிலும் பாதியே அவருக்குக் கிடைக்கும். ஒரே பாடம், ஒரே உழைப்பு. கூலியில் மட்டும் நிறத்துக்கு ஒரு பங்கா? அவர் வேலையை விட்டு ஓடவில்லை. வகுப்பை ஒருநாளும் புறக்கணிக்கவில்லை. சம்பளத்தை மட்டும் தொட மறுத்தார். மூன்று ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. தந்தையோ கைத்தொழில் முயற்சிகளில் பொருளை இழந்து கடனில் மூழ்கியிருந்த காலம் அது. 1887-இல் மணம் முடித்து வந்த அபலா அம்மையார் அந்த வறுமையில் பங்கு கொண்டார். இந்த அம்மையார் 1882-இல் மருத்துவம் படிக்க நம் சென்னைக்கு வந்து, உடல்நலக் குறைவால் படிப்பை நிறுத்தித் திரும்பியவர் என்பது நமக்கு உவப்பான செய்தி. முடிவில் அரசாங்கம் பணிந்தது. போஸின் பதவி நிலையாயிற்று. நிலுவைச் சம்பளம் முழுவதும் வந்தது. அது தந்தையின் கடனை அடைக்க உதவியது.

இனி அவருடைய ஆராய்ச்சிக்கு வருவோம். மின்காந்த அலைகள் உண்டு என்று ஜெர்மானியரான ஹெர்ட்ஸ் முன்னரே மெய்ப்பித்திருந்தார். ஆனால் அவருடைய அலைகள் நீண்டவை. நீண்ட அலையை வளைக்கவும் திருப்பவும் மிகப் பெரிய கருவிகள் வேண்டும். அலையைக் குறுக்கினால் கருவியும் குறுகுமே என்று போஸ் எண்ணினார். 1894-இல் கல்லூரியில் குளியலறையை ஒட்டிய ஒரு சிறு அறையே அவருக்கு ஆராய்ச்சிக்கூடம் ஆயிற்று. உள்ளூர்த் தகர வேலைக்காரர் ஒருவரே துணை. அங்கே 5 மில்லிமீட்டர் நீளமே உடைய அலைகளை அவர் உண்டாக்கினார். கருவி முழுவதும் ஒரு மேசையில் அடங்கிற்று. அலைகளைத் திரட்டிச் சேர்க்கப் புனல் போன்ற உலோகக் கொம்பு ஒன்றை அமைத்தார். இன்று கொம்பு ஆண்டெனா என வழங்குவதன் முன்னோடி அது. இரண்டு பட்டகங்களை அருகருகே வைத்து, இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும், ஊடுருவும் பங்கு எவ்வளவு, திரும்பும் பங்கு எவ்வளவு என்று அளந்தார். சணல் இழைகளை முறுக்கி அலையின் தளத்தைத் திருப்பினார். ரயில்வே கால அட்டவணைப் புத்தகம்கூட அவர் கையில் ஓர் ஆராய்ச்சிக் கருவி ஆயிற்று. எளிய பொருளை வைத்து அரிய உண்மையைக் காணலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், வங்காளத்தின் துணை ஆளுநர் முன்னிலையில், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலையால் தூரத்து மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளை அறிஞர்கள் முன் இயக்கிக் காட்டினார்.

வானொலியைக் கண்டவர் போஸே என்று சிலர் பெருமிதத்தோடு பேசுவதுண்டு. அந்த வழக்கில் நான் புக விரும்பவில்லை. அலைகளின் இயல்பை அறிவதே அவர் நோக்கம். செய்தி அனுப்பும் தொழிலை வளர்த்தவர் மார்க்கோனி. எனினும், 1899-இல் போஸ் வெளியிட்ட இரும்பு-பாதரசக் கருவியின் வகையைச் சேர்ந்த ஒன்றே, 1901-இல் அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த சைகையைக் கேட்க மார்க்கோனிக்கு உதவிற்று. இல்லாத புகழைச் சேர்க்காமலே போஸின் புகழ் போதுமான அளவு பெரிது.

1901-இல் தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் லண்டனில் அவரை நாடி, கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்று லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றார். போஸ் மறுத்துவிட்டார். சகோதரி நிவேதிதை முதலிய நண்பர்கள் வற்புறுத்தவே, கலேனா என்னும் தாதுப் படிகத்தால் அலையை உணரும் கருவிக்கு ஓர் அமெரிக்கக் காப்புரிமை 1904-இல் கிடைத்தது. அதனாலும் அவர் பொருள் ஈட்டவில்லை. 1917 நவம்பர் 30-ஆம் நாள், தம் பிறந்தநாளில், போஸ் ஆராய்ச்சி நிலையத்தைக் கல்கத்தாவில் நிறுவினார். அங்கே காணும் உண்மைகள் உலகத்தார் அனைவருக்கும் பொது என்றும், அவற்றுக்குக் காப்புரிமை கோருவதில்லை என்றும் அறிவித்தார். 1920-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1937 நவம்பர் 23-ஆம் நாள் கிரிடீயில் அவர் மறைந்தார். 1894 முதல் 1896 வரை அவர் செய்த சோதனைகளை மின்துறை வரலாற்றின் மைல்கல் என்று 2012-இல் ஐ.ஈ.ஈ.ஈ. என்னும் உலகப் பொறியாளர் அமைப்பு சிறப்பித்தது.

இவ்வளவு பெரிய விஞ்ஞானி தம் தாய்மொழியை மறக்கவில்லை. வங்க மொழியில் எழுதிய விஞ்ஞானக் கட்டுரைகளைத் தொகுத்து 1921-இல் ‘அவ்யக்த’ என்னும் நூலாக வெளியிட்டார். உலகப் புகழ் பெற்றவருக்குத் தாய்மொழியில் எழுத நேரம் இருந்தது. பட்ட மேற்படிப்பு மாணவர்களாகிய நமக்கு நேரம் இல்லையா?

நாம் ஊரை விட்டு நெடுந்தூரம் வந்து, ஆங்கிலத்தில் விஞ்ஞானம் கற்கிறோம். தேர்வு எழுதுகிறோம், பட்டம் வாங்குகிறோம். கற்றது நம்மோடு நின்றுவிடுகிறது. அலையைப் பிடித்துத் தானே வைத்துக்கொள்ளும் ஆண்டெனாவால் மேடைக்கு என்ன பயன்? எளிதாக்கிச் சொன்னால் விஞ்ஞானம் நீர்த்துப்போகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். பிரித்தால் வலிமை குறையும் என்பது உண்மையே. அதற்காகப் பங்கிடாமல் இருக்கிறோமா? பெருக்கியை வைத்து ஈடு செய்கிறோம் அல்லவா? நம் உழைப்பே அந்தப் பெருக்கி. ஆகவே நான் ஒன்று வேண்டுகிறேன். ஒவ்வோர் இதழிலும் சில பக்கங்கள் விஞ்ஞானத்துக்கென்று ஒதுக்கப்படட்டும். ஒவ்வொரு துறை மாணவரும் தாம் கற்றதில் ஒன்றையேனும், ஊரில் உள்ள தம்பி தங்கையருக்கு விளங்கும் தமிழில் எழுதட்டும். ஆசாரிய போஸுக்கு நாம் செய்யத்தக்க வணக்கம் அதுவே.