பத்திரிகாசிரியை பெஸண்ட் அம்மையார்

அடையாற்றுக்குத் தெற்கே ஜனங்கள் நெருங்கி வாழும் பல்லாவரம், தாம்பரம் முதலிய ஊர்கள் 2021-ஆம் வருஷம் ஒரே மாநகராட்சியாயின. பல மதத்தாரும் பல பாஷைக்காரரும் கலந்து வசிக்கும் இவ்வூர்களின் குடிநீரையும் கூலியையும் பற்றிய செய்திகளை நேரிற் கண்டு எழுதுவோர் யார்? இக்கேள்வி எழுந்தபோது, அடையாற்றிலேயே வாழ்ந்து மறைந்த ஸ்ரீமதி அன்னி பெஸண்ட் அம்மையாரை நாம் நினைவுகூர்ந்தோம். பிரம்மஞான சங்கத் தலைவி என்றும், 1917-ல் கல்கத்தா காங்கிரஸில் அக்கிராசனம் வகித்தவர் என்றும் அவரை யாவரும் அறிவர். பத்திரிகைத் தொழிலில் அவர் செய்ததை அறிந்தோர் சிலரே.

அம்மையார் 1847-ல் லண்டனில் பிறந்தவர். 1888-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், அந்நகரின் கிழக்குப் பகுதியிலிருந்த பிரையண்டு-மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களைக் கண்டு பேசினார். வாரக்கூலி எவ்வளவு, அற்பக் குற்றங்களுக்கு அபராதமாகப் பிடிப்பது எவ்வளவு, பங்குதாரருக்குச் சேரும் லாபம் எவ்வளவு என்று கேட்டறிந்து, அரைப்பென்னி விலையுள்ள 'லிங்க்' என்னும் தமது வாரப் பத்திரிகையில் வெளியிட்டார். பங்குதாரருக்கு நூற்றுக்கு 23 வீதம் லாபம். வேலைக்காரப் பெண்ணுக்கோ வாரம் 4 ஷில்லிங்! கம்பெனியார் மானநஷ்ட வழக்குத் தொடர்வோம் என மிரட்டினர். அச்செய்தி பொய்யென்று கையொப்பமிடுமாறு பெண்களை வற்புறுத்தினர். அவர்கள் மறுத்தார்கள். ஏறக்குறைய 1,400 பேர் வேலையைவிட்டு வெளியேற, ஜூலை மாதத்திலேயே அபராதங்கள் ஒழிந்தன. வக்கீல் தொழிலில் பழகிய நாம் ஒன்று சொல்வோம்: கணக்கோடு எழுதப்பட்ட செய்தியை மறுப்பது எளிதன்று.

1893-ல் இந்தியாவுக்கு வந்த அம்மையார், 1914-ல் 'மதராஸ் ஸ்டாண்டர்டு' பத்திரிகையை வாங்கி 'நியூ இந்தியா' எனப் பெயரிட்டார். 1916-ல் சர்க்கார் அதனிடம் கேட்ட 2,000 ரூபாய் ஜாமீன் பறிமுதலாயிற்று. மேலும் 10,000 ரூபாய் கேட்டனர். அதையும் கட்டிப் பத்திரிகையை நடத்தினார். 1917 ஜூனில் அருண்டேலுடனும் வாடியாவுடனும் உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டு, செப்டம்பரில் விடுதலை பெற்றார். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களின் குறையைச் சொல்ல வந்தவர்கள் இப்பத்திரிகையின் காரியாலயத்திற்கே வாடியாவைத் தேடி வந்தனர். அதன் பயனாக 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உண்டாயிற்று.

ஆயினும் 'நியூ இந்தியா' சென்னை முழுவதற்கும் வாயாக இருந்ததென்று நாம் கூறமாட்டோம். அது இங்கிலீஷ் பத்திரிகை. ஆலைத் தொழிலாளி அதைப் படித்தறிய இயலாது. பிராமணரல்லாத தலைவர்களில் பலர் அதன் ஹோம்ரூல் கிளர்ச்சியை நம்பவில்லை. 1917-ல் அவர்கள் 'ஜஸ்டிஸ்', 'திராவிடன்' என்னும் பத்திரிகைகளைத் தாமே தொடங்கினர். அவர்களுடைய அரசியல் நமக்கு உடன்பாடன்று. ஆனால், தம் குரல் பிறர் பத்திரிகையில் கேட்கவில்லை என்று அவர்கள் கருதியதை அலட்சியம் செய்யலாகாது. ஒத்துழையாமையை எதிர்த்ததால் அம்மையாரே பின்னர் தேசபக்தர்களின் செல்வாக்கை இழந்தார்.

அந்த 1920-ஆம் வருஷத்திலேதான் அடையாறு தேசீய சர்வகலாசாலையில் பத்திரிகைத் தொழிலுக்கென ஒரு பாடத்திட்டத்தை ஏற்படுத்தினார். இந்தியாவில் இதுவே முதல் முயற்சியெனக் கருதப்படுகிறது. மாணவர்கள் 'நியூ இந்தியா'விலேயே வேலை பழகினர். அப்பயிற்சி தமிழில் இல்லாமற்போனது பெருங்குறையே. அம்மையார் 1933 செப்டம்பர் 20-ல் அடையாற்றில் காலமானார்.