ஒளியில் வரைந்த ஓவியர்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஆலைகளும் உலைகளும் மலிந்த நகரம் பர்மிங்ஹாம். அந்நகரில், படங்களுக்குச் சட்டம் அமைத்து வாழ்ந்த எளிய ஒருவரின் மகனாக 1833-ஆம் ஆண்டு எட்வர்டு பர்ன்-ஜோன்ஸ் தோன்றினார். அவர் பிறந்து ஒரு வாரம் நிறைவதற்குள் அன்னை இறந்தார். தாய்முகம் அறியாத அக்குழந்தைக்குத் தூய பிலிப்பு தேவாலயத்தில் திருமுழுக்கு நடைபெற்றது.

சமயகுருவாக வேண்டும் என்னும் வேட்கையோடு அவர் ஆக்ஸ்போர்டு சென்று பயின்றார். அதே எண்ணத்துடன் வந்த வில்லியம் மாரிஸ் அங்கு அவருக்கு உயிர்த்தோழர் ஆனார். 1855-இல் இருவரும் பிரான்சு நாட்டுப் பழந்தேவாலயங்களைக் கண்டு வந்தனர். அப்பயணத்தின் முடிவில், ஹாவர் துறைமுகத்தில், குருத்தொழிலைத் துறந்து கலைக்கே வாழ்வை அளிப்பது என்று உறுதி பூண்டனர். எண்ணிய வழியை இளமையில் மாற்றிக்கொள்ளுதல் எளிதன்று. பர்ன்-ஜோன்ஸ் பட்டம் பெறாமலே ஆக்ஸ்போர்டை நீங்கினார்.

1861-இல் மாரிசும் நண்பர்களும் ஒரு கலைத்தொழிற்கூடம் நிறுவினர். அங்கு உருவான வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் பலவற்றுக்கு வரைபடம் எழுதியவர் பர்ன்-ஜோன்ஸே. அவர் முதலில் சாளரத்தின் அளவுக்கே பெரிய தாளில் உருவங்களை வரைவார். உலோக ஆக்சைடுகளால் நிறமூட்டப்பெற்ற கண்ணாடிகளுள் ஏற்றவற்றை மாரிஸ் தேர்வார். கைவினைஞர் அவற்றை வரைபடத்திற்கு இசைய நறுக்கி, முகமும் ஆடைமடிப்பும் தீட்டி, சூளையில் சுட்டு, ஈயக் கீற்றுகளால் இணைப்பர். பகலவன் ஒளி ஊடுருவும்போதுதான் அவ்வோவியம் உயிர்பெறும். கல்கத்தாவில் தூய பவுல் தேவாலயத்தின் மேற்குச் சாளரமும் (1880) இவர் வரைந்ததே.

பின்னர், தாம் திருமுழுக்குப் பெற்ற தேவாலயத்திற்கே சாளரம் வரையும் பேறு அவருக்கு வாய்த்தது. இயேசு விண்ணேறும் காட்சி 1885-இலும், பிறப்பும் சிலுவைப்பாடும் 1887-இலும் கீழ்த்திசையில் இடம்பெற்றன. 1896-இல் மாரிஸ் மறைந்தார். நாற்பதாண்டு நட்பை இழந்த துயரிடையே, அடுத்த ஆண்டு, மேற்கில் இறுதித் தீர்ப்புச் சாளரம் நிறைவுற்றது. மேலே வானவர் சூழ இயேசு வீற்றிருக்கிறார், எக்காளம் முழங்குகிறது, மாளிகைகள் சரிகின்றன, கீழே மாந்தர் அஞ்சி நிற்கின்றனர். 1898-இல் ஓவியரும் உயிர் நீத்தார்.

இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் அந்நகரத்தார் அச்சாளரங்களைக் கழற்றிச் சேமமாக வைத்தனர். 1940 நவம்பரில் குண்டு வீழ்ந்து தேவாலயத்தின் உட்புறம் எரிந்தது. மதில்கள் செப்பனிடப்பெற்ற பின், 1948-இல், நான்கு சாளரங்களும் தத்தம் இடத்திற்கு மீண்டன.