பாட்டுத் தேடிய மருத்துவர்

ஐரோப்பாவின் வடகோடியிலே ஏரிகளும் காடுகளும் நிறைந்த பின்லாந்து நாட்டில், சம்மாட்டி என்னும் சிற்றூரில், 1802-ஆம் ஆண்டு எலியாஸ் லொன்ரூட் பிறந்தார். தந்தையார் எளிய தையற்காரர். வறுமையால் மகனின் படிப்பு இடையிடையே தடைப்பட்டது. தாமும் ஊசி பிடித்துத் தைத்தும், மருந்துக் கடையில் பணிபுரிந்தும் அவர் கல்வியைத் தொடர்ந்தார்.

அந்நாளில் அந்நாட்டுக் கற்றோரின் மொழி சுவீடிய மொழியாகும். மக்களுட் பெரும்பாலோர் பேசிய பின்னிய மொழியோ, ஆட்சிக்கும் உயர்கல்விக்கும் உதவாதென ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும் உழவர் குடில்களில் அம்மொழிப் பாட்டுக்குக் குறைவில்லை. மணப்பெண்ணை வழியனுப்ப ஒரு பாட்டு; குழந்தையை உறங்கவைக்க ஒரு பாட்டு; வேட்டைக்குச் செல்ல ஒரு பாட்டு. கோடரி பட்டுக் குருதி பெருகினால், இரும்பு பிறந்த கதையைப் பாடியே அதனை நிறுத்த முயல்வர். இத்தகைய மந்திர மருத்துவத்தை ஆராய்ந்தே லொன்ரூட் 1832-இல் மருத்துவப் பட்டம் பெற்றார் என்பது வியப்பன்றோ!

இப்பாடல்கள் ஏட்டில் இல்லை. முதியோர் நெஞ்சில் இருந்தன. அவர்கள் மறைந்தால் அவையும் மறையும். இதனை உணர்ந்த அவர், 1828 முதல் 1844 வரை பதினொரு முறை பாட்டுத் தேடிப் புறப்பட்டார். 1833-இல் காயானி என்னும் ஊரில் மருத்துவரான பின்னும் அவ்வேட்கை தணியவில்லை. மரப்பட்டையை மாவிற் கலந்து அப்பம் சுட்டு உண்ணும் அளவுக்குப் பஞ்சம் வாட்டிய பகுதி அது. நோயாளரைக் கவனித்ததுபோக எஞ்சிய காலத்தில், நடந்தும் படகேறியும் பனியிற் சறுக்கியும் உருசியர் ஆண்ட கரேலியா வரை சென்றார்.

1834-இல் அங்கே ஆர்ஹிப்பா பெர்த்துனன் என்னும் முதிய உழவரைக் கண்டார். அவர் ஏறத்தாழ மூன்று நாள் பாடினார். நாலாயிரம் அடிகளுக்கு மேல் தேறின. தம் தந்தையார் இன்னும் மிகுதியாக அறிந்திருந்தார் என்றும், இளைஞர் இவற்றைக் கற்பதில்லை என்றும் அம்முதியவர் வருந்தினார். லொன்ரூட்டின் எழுதுகோல் அன்று ஓய்ந்திருக்குமா?

சிதறிய பாடல்களைக் கோத்து, 1835-இல் ‘காலேவலா’ என்னும் காப்பியத்தை அவர் வெளியிட்டார். இணைப்புக்காகச் சில அடிகளைத் தாமே இயற்றினார். ஆகவே அதனை முற்றும் மக்கள் வாய்மொழி என்பதற்கில்லை. ஐந்நூறு படிகளே அச்சாயின. அவை விற்கவும் பல்லாண்டுகள் ஆயின. 1849-இல் அது 22,795 அடிகளாக விரிந்தது. இடையே 1842-இல் ஏழாயிரம் பழமொழிகளையும், 1844-இல் விடுகதைகளையும் நூலாக்கினார்.

1863-இல் உருசியப் பேரரசர், ஆட்சியிலும் நீதிமன்றங்களிலும் பின்னிய மொழி இருபது ஆண்டுகளுக்குள் சுவீடிய மொழியோடு சமநிலை பெற வேண்டும் என ஆணையிட்டார். அப்போது லொன்ரூட், பின்னிய மொழிக்குப் பேரகராதி தொகுப்பதில் ஈடுபட்டிருந்தார். இரண்டு இலட்சம் சொற்களைக் கொண்ட அது 1880-இல் நிறைவுற்றது. 1884-ஆம் ஆண்டு, தாம் பிறந்த சம்மாட்டியிலேயே அவர் உயிர்நீத்தார்.