எண்ணூருக்கு வந்த ஆஸ்டின்... மினி காரை வரைந்த இசிகோனிஸ்... எது சொகுசு?

காஸ்ட்லி கார்களின் ரீல்ஸ் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கா? அப்படின்னா இந்தக் காட்சி மனப்பாடமாவே இருக்கும். கதவு திறக்கும். உள்ளே கலர் கலராக விளக்கு எரியும். அப்புறம் கேமரா டேஷ்போர்டு பக்கம் போகும். அங்கே முழுக்க முழுக்க ஸ்கிரீன்தான். மெர்சிடிஸ் பென்ஸ் இக்யூஎஸ் காரில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை 141 செ.மீ. அகலத்துக்கு ஒரே கண்ணாடி, அதற்குள் மூன்று திரைகள்!

இதற்கு நேர் எதிராக, டேஷ்போர்டுக்கு ஒரே ஒரு மீட்டர் போதும், ரேடியோகூட வேண்டாம் என்று அடம்பிடித்த மனிதர் ஒருவர் இருந்தார். அவர் வரைந்த குட்டிக் காரை பீட்டில்ஸ் பாடகர்கள் நான்கு பேருமே வைத்திருந்தார்கள். அந்தக் கார் மினி. அந்த மனிதர் சர் அலெக் இசிகோனிஸ்.

நீங்க ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வளர்ந்தவரா? அப்படின்னா இந்தக் கதையில் வரும் இரண்டு கம்பெனிகள் உங்க ஏரியாவுக்கும் வந்தவைதான். 1948 செப்டம்பரில் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், மறுவருடமே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களை அசெம்பிள் செய்தது. 1951-ல் அங்கே லேலண்டின் காமெட் வண்டிகள் உருவாகின. 1955-ல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. இங்கிலாந்தில் இசிகோனிஸை உச்சிக்குக் கொண்டு போனது ஆஸ்டினிலிருந்து வந்த ஒரு முதலாளி. அவரை ஓரங்கட்டியது லேலண்ட்.

கணக்கில் மூணு தடவை ஃபெயில்

இசிகோனிஸ் பிறந்தது 1906 நவம்பர் 18-ம் தேதி, அன்றைய ஒட்டோமான் பேரரசின் ஸ்மிர்னா துறைமுக நகரத்தில். இன்றைக்கு அது துருக்கியின் இஸ்மிர். அப்பா கிரேக்க வம்சாவளி, பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர்; கப்பல் இன்ஜின் தொழில் நடத்தினார். அம்மாவின் குடும்பம் ஜெர்மன் வழி. வசதியான வீடு.

1922-ல் போர் வந்தது, நகரம் எரிந்தது. பிரிட்டிஷ் கடற்படை தன் குடிமக்களை மால்டா தீவுக்குக் கொண்டு போனது. அங்கேயே அப்பா இறந்துவிட்டார். மறுவருடம் அம்மாவும் மகனும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

லண்டன் பாட்டர்சீ பாலிடெக்னிக்கில் இன்ஜினீயரிங் சேர்ந்தார். கணக்குப் பரீட்சையில் மூன்று முறை ஃபெயில். கணக்கு, கற்பனைக்கு எதிரி என்பது அவருடைய முடிவு! ஆனால், கையில் பென்சில் கிடைத்துவிட்டால் ஆளே வேற. எந்த யோசனை வந்தாலும் முதலில் கையாலேயே வரைந்துவிடுவார். அந்தப் படத்தைப் பார்த்தே மற்ற இன்ஜினீயர்கள் பாகங்களைச் செய்தார்கள்.

1936-ல் மோரிஸ் கம்பெனியில் சேர்ந்தார். 1948 அக்டோபரில், அதாவது அசோக் மோட்டார்ஸ் பிறந்த அடுத்த மாதம், அவருடைய மோரிஸ் மைனர் லண்டன் கண்காட்சிக்கு வந்தது. இந்தக் காரில் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. உற்பத்தி தொடங்கவிருந்த நேரத்தில், கார் ஒல்லியாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்தார். 4 அங்குல இடைவெளி வந்ததும், கண்ணுக்குச் சரியாகப் பட்டது. அதையே அளவாக வைத்துவிட்டார். பத்து லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் அதுதான்.

10 அடிக்குள் நாலு பேர்

1952-ல் ஆஸ்டினும் மோரிஸும் இணைந்து பிஎம்சி ஆனது. இசிகோனிஸ் வேறு கம்பெனிக்குப் போனார். 1955-ல் அவரைத் திரும்ப அழைத்தவர் லெனார்ட் லார்ட். ஆஸ்டினின் தலைவராக இருந்து பிஎம்சி-யின் தலைமைக்கு வந்தவர். அடுத்த வருடமே சூயஸ் கால்வாய் நெருக்கடி. பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன். 1957-ல் லார்ட் ஒரு கட்டளை போட்டார். சின்னக் கார் வேண்டும், சீக்கிரம் வேண்டும், கம்பெனியிடம் ஏற்கெனவே இருக்கிற இன்ஜினையே பயன்படுத்த வேண்டும்.

1959 ஆகஸ்ட் 26-ல் கார் வெளியே வந்தது. நீளம் வெறும் 10 அடி, அதாவது 3.05 மீட்டர். நம்ம ஊர் ஆல்டோ கே10-ஐவிட அரை மீட்டர் கம்மி! ஆனால், நாலு பேர் உட்காரலாம். எப்படி முடிந்தது? இன்ஜினைக் குறுக்கே திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியில் வைத்தார். சக்கரங்களை 10 அங்குலமாகச் சுருக்கி, நான்கு மூலைகளுக்கும் தள்ளினார். அடிப்பரப்பில் சுமார் 80 சதவிகிதம் மனிதர்களுக்கும் சாமான்களுக்கும் கிடைத்தது. இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலானவை இன்ஜினைக் குறுக்கேதான் வைத்திருக்கின்றன.

உள்ளே போய்ப் பார்க்கலாம், வாங்க. கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி கிடையாது, பக்கவாட்டில் தள்ள வேண்டும். ஏன்? கண்ணாடி உள்ளே இறங்கத் தேவை இல்லையென்றால் கதவின் உட்பகுதி காலி. அங்கே பெரிய சைடு பாக்கெட் வந்துவிட்டது. முழங்கையை வைக்கவும் இடம் கிடைத்தது. கதவைத் திறக்க ஒரு கேபிள்; இழுத்தால் போதும். டேஷ்போர்டுக்குப் பதில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தட்டு, வீட்டு அலமாரி மாதிரி. நடுவில் ஒரே ஒரு வட்ட மீட்டர். இடதுபக்க ஸ்டீயரிங் நாட்டுக்கும் வலதுபக்க ஸ்டீயரிங் நாட்டுக்கும் அதே தட்டு, அதே மீட்டர்.

கவனிச்சீங்களா? அவர் ஒரு பொருளை எடுத்த இடத்திலெல்லாம் உங்களுக்கு இன்னொன்று கிடைத்தது. கைப்பிடி போனது, பாக்கெட் வந்தது. டேஷ்போர்டு போனது, தட்டு வந்தது.

சொகுசு உள்ளே நுழைந்த கதை

எளிமையான இந்தக் கார் பணக்காரர்களுக்கும் ஃபேஷன் ஆனது. நடிகர் பீட்டர் செல்லர்ஸ் போன்றவர்கள், ரோல்ஸ் ராய்ஸுக்கு பாடி கட்டும் பட்டறைகளிலேயே தங்கள் மினியை அலங்கரித்துக்கொண்டார்கள். தோல் சீட், மர டேஷ்போர்டு என்று உள்ளே எல்லாம் மாறியது. கம்பெனியும் சும்மா இருக்குமா? 1961-ல் மரப்பலகை பதித்த உயர்ரக மினிக்களை வோல்ஸ்லி, ரைலி பெயர்களில் இறக்கியது. மான்டி கார்லோ ராலியில் 1964, 1965, 1967 என மூன்று முறை மினி ஜெயித்தது.

அதுக்காக இசிகோனிஸ் செய்ததெல்லாம் சரின்னு நினைச்சுடாதீங்க. முதல் மினிக்களில் மழை பெய்தால் தரை வழியே தண்ணீர் உள்ளே வந்தது, கார்ப்பெட் நனைந்தது. கொஞ்சம் அசௌகரியமாக உட்கார்ந்தால்தான் டிரைவர் விழிப்போடு இருப்பார் என்று நம்பி, சீட்டை நிமிர்த்தியே வைத்தார். முதுகு வலித்தவர்கள் திட்டினார்கள். விலையை அவ்வளவு குறைத்ததில் கம்பெனிக்கு மினியில் லாபமும் சரியாக வரவில்லை.

1964-ல் வந்த பெரிய காரான ஆஸ்டின் 1800-க்கும் அதே கொள்கைதான். உள்ளே ஏராளமான இடம். ஆனால், பார்க்க வெறுமை. இன்னும் கொஞ்சம் காசு கொடுக்கத் தயாராக இருந்த குடும்பங்கள் கொஞ்சம் அழகையும் எதிர்பார்த்தன. எதிர்பார்த்த விற்பனை வரவில்லை. மினியில் எளிமை, வாங்குபவரின் தேவையிலிருந்து வந்தது. 1800-ல் அது டிசைனரின் பிடிவாதமாக மாறிவிட்டது.

1968-ல் பிஎம்சி-யை உள்ளடக்கிய குழுமமும் லேலண்டும் இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் உருவானது. எண்ணூரின் பெயர்ப் பலகையில் இருந்த அதே லேலண்ட். புதிய நிர்வாகம் இசிகோனிஸைத் தலைமை டிசைனர் வேலையிலிருந்து நகர்த்தியது. 1969-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அதே வருடம் வெளிவந்த மினி கிளப்மேனில் நடு மீட்டரைத் தூக்கி, டிரைவர் முன்னால் வைத்தார்கள்.

1971-ல் ஓய்வு. மறுவருடம் அம்மா இறந்தார். அதுவரை அம்மாவோடுதான் இருந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1988 அக்டோபர் 2-ல் பர்மிங்ஹாமில் காலமானார். அவருடைய மினி 2000-ம் ஆண்டுவரை தயாரானது. 53 லட்சத்துக்கும் மேல்.

வட்டம் மட்டும் போகவில்லை

இன்று மினி, பிஎம்டபிள்யூவின் பிராண்டு. 2013-ல் மினி கன்ட்ரிமேனை நம்ம செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி தொழிற்சாலையிலேயே அசெம்பிள் செய்யத் தொடங்கினார்கள். 2024-ல் வந்த மினி கூப்பரின் டேஷ்போர்டு நடுவில் 24 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத் திரை. இசிகோனிஸ் மீட்டர் வைத்த அதே இடம், அதே வடிவம். ஆனால், வேகம், மேப், பாட்டு, ஏசி எல்லாம் அந்த ஒரு வட்டத்துக்குள். பார்க்க எளிமை. ஏசி-யைக் குறைக்க மட்டும் சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் மினிக்கு மட்டுமானது இல்லை. அதனால்தான் ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு ஸ்டார் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குக் கையில் தட்டுப்படும் பட்டனோ லீவரோ இருந்தால்தான் அந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் என்கிறது.

அடுத்த தடவை ஷோரூமிலோ நண்பரின் புதுக் காரிலோ உட்காரும்போது, ஸ்கிரீன் எத்தனை அங்குலம்னு கேட்கிறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க. வண்டி நிற்கும்போதே கண்ணை மூடிக்கிட்டு, ஏசி-யைக் குறைங்க, வைப்பரைப் போடுங்க. ஒரு தண்ணி பாட்டிலை வைக்க இடம் தேடுங்க. எல்லாம் கைக்குக் கிடைச்சா, உள்ளே எத்தனை ஸ்கிரீன் இருந்தாலும் அது நல்ல டிசைன்தான்.