சிலிண்டர் வெடித்தது... பாடம் பிறந்தது! மேக்னம் ரிவால்வருக்கு வழி போட்ட எல்மர் கீத் யார்?

அமெரிக்காவின் மிசோரியில் 1899-ல் பிறந்தவர் எல்மர் கீத். ஐடஹோவில் பண்ணை நடத்தியவர். தோட்டாவில் மருந்தை தானே நிரப்பிப் பார்ப்பதில் தீராத ஆர்வம்.

1925-ல் கனமான குண்டு போட்டு சுட்டபோது, அவரது .45 ரிவால்வரின் சிலிண்டர் வெடித்தது. நல்லவேளை, உயிர் தப்பிச்சார். அதன்பிறகு சிலிண்டர் சுவர் தடிமனான .44 ஸ்பெஷலுக்கு மாறினார்.

அடுத்த கேள்வி, எந்த மருந்து? வேகமாக எரியும் மருந்தை அதிகம் போட்டா அழுத்தம் சட்டென எகிறும். மெதுவாக எரிவது, குண்டைப் படிப்படியாகத் தள்ளும். அதனால் ஹெர்குலஸ் நிறுவனத்தின் '2400' மருந்தைத் தேர்ந்தெடுத்தார்.

அவரது விடாத வற்புறுத்தலால் 1955-ல் .44 மேக்னம் உருவானது. 1984-ல் கீத் மறைந்தார். மேக்னத்துக்கு மெதுவாக எரியும் மருந்துதான் என்ற பாடம் இன்றும் நிற்கிறது.