மனத்தை அளந்த வணிகர்

தோகுகாவா மரபினர் ஆண்ட காலத்தில் ஜப்பானியருக்கு அரிசி உணவு மட்டுமன்று. செல்வத்தின் அளவுகோலும் அதுவே. நிலவரி பெரும்பாலும் அரிசியாகவே பெறப்பட்டது. சாமுராய் வீரர்களின் ஊதியம் 'கொகு' என்னும் அரிசி அளவால் கணக்கிடப்பட்டது. எனவே, அரிசி விலை சரிந்தால் வாளேந்திய வீரரும் கடனாளியானார். விலை உயர்ந்தால் நகரத்து ஏழையர் பசியால் வாடினர். அவ்விலையின் போக்கை ஆராய்ந்து புகழ்பெற்றவர் ஹொம்மா முனேஹிசா.

இவர் 1724ஆம் ஆண்டு சகாதா துறைமுக நகரில் பிறந்தார். ஷோனாய்ச் சமவெளியில் விளைந்த அரிசி, அங்கிருந்து கப்பல்கள்வழி ஒசாகாவை அடைந்தது. ஒசாகாவின் தோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730இல் அரசு ஒப்புதல் வழங்கியது. கிடங்கு அரிசிக்குரிய சீட்டுகள் அங்குக் கைமாறின; முன்பேர வணிகமும் நடைபெற்றது.

விளைச்சலையும் வானிலையையும் கணித்த ஹொம்மா, வணிகர்தம் மனநிலையையும் கூர்ந்து நோக்கினார். அனைவரும் விலை வீழும் என்று அஞ்சும் வேளையிலேயே ஏற்றத்திற்கான வித்து மறைந்திருப்பதை உணர்ந்தார். இன்றைவிட்டால் வாய்ப்பில்லை என்று மனம் துடிக்கும்போது மூன்று நாள் பொறுத்திருத்தல் வேண்டும் என்பது அவர் பெயரால் வழங்கும் வணிக நெறி. சினத்தோடு வாளுருவும் வீரன் களத்தில் நிலைதவறுவான். பேராசையோடு விலைபேசும் வணிகனும் அத்தகையவனே. இருவருக்கும் முதற்பகை அவரவர் மனமே. பிற்காலத்தில் ஆட்சியாளருக்குப் பொருளியல் அறிவுரை கூறி, சாமுராய்க்குரிய மதிப்பை ஹொம்மா பெற்றார் என்பது வழிவழிச் செய்தி.

பங்குச்சந்தையில் இன்று பயன்படும் மெழுகுவர்த்தி வரைபடத்தை அவர் பெயரோடு இணைத்துப் பேசுவது மரபு. ஆயினும், அது ஜப்பானிய வணிகர் பலரின் கைகளில் படிப்படியாக வளர்ந்த கலையாகும். அதில் மெழுகுவர்த்தியின் உடற்பகுதி, ஒருநாளின் தொடக்க விலைக்கும் முடிவு விலைக்கும் இடைப்பட்ட தொலைவைக் காட்டும். மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடுகள், அன்றைய உச்ச விலையையும் தாழ்ந்த விலையையும் உணர்த்தும். ஒருநாள் முழுவதும் அச்சமும் ஆசையும் பொருதிய வரலாறு அச்சிறு வடிவில் அடங்கிவிடுகிறது. ஸ்டீவ் நிசன் என்னும் அமெரிக்கர் 1991இல் வெளியிட்ட நூலால் இம்முறை மேலைநாடுகளில் பரவியது.

ஹொம்மா 1803இல் மறைந்தார். வரைபடம் விலையின் சுவட்டைக் காட்டும், பொறுமையைத் தாராது. அதனை வணிகர் தம்முள்ளேயே தேடிக்கொள்ள வேண்டும் என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் பாடம்.